ஐந்து நிமிடத்தில் ஒரு ப்ராஜெக்ட்: வகுப்பில் முதல் முறை பேசப் போகிறவர்களுக்கு

வகுப்பில் ப்ராஜெக்ட் பிரசன்டேஷனுக்குத் தேதி சொன்னதும் பெரும்பாலும் எல்லோரும் லேப்டாப்பைத் திறந்து தலைப்பு, பெயர், பதிவெண், கைடு பெயர் என்று முதல் ஸ்லைடை அடிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். தயவுசெய்து அதைக் கடைசி வேலையாக வைத்துக்கொள்ளுங்கள். ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கூடலூர் பக்கம் கல்லூரியில் புதிதாகச் சேர்ந்தவர்களையும், பள்ளியில் கள ஆய்வு செய்யும் மேல்நிலை மாணவர்களையும் மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். உங்களுக்குக் கிடைப்பது ஐந்து நிமிடம், மிஞ்சிப்போனால் ஏழு. மாதக்கணக்கில் அலைந்து செய்த வேலை முழுவதையும் அதற்குள் சொல்ல முயன்றால் வேகமாகப் படிப்பீர்கள், கேட்பவருக்கு ஒன்றும் நிற்காது. அந்த நேரத்துக்குள் உருப்படியாகச் செய்யக்கூடியது ஒன்றுதான்: ஒரு கேள்வியைச் சொல்லி, அதற்கு உங்களுக்குக் கிடைத்த பதிலைக் கேட்பவர் நம்பும்படி சொல்வது. மற்றதெல்லாம் ரிப்போர்ட்டில் இருக்கிறது, வேண்டியவர்கள் எடுத்துப் படித்துக்கொள்ளட்டும்.

ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகம் 2008-இல் முனைவர் பட்ட மாணவர்களுக்கு ஒரு போட்டி தொடங்கியது. மூன்று நிமிடம், அசையாத ஒரே ஒரு ஸ்லைடு, அவ்வளவுதான். வருடக்கணக்கில் செய்த ஆய்வை அதற்குள் சொல்ல வேண்டும். அது இன்று பல நாடுகளில் நடக்கிறது. அவர்களால் மூன்று நிமிடத்தில் முடிகிறதென்றால் நமக்கு ஐந்து நிமிடம் தாராளம்.

முதல் வேலை: ஒரு தாளில் இரண்டு வரி

ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, "நாங்கள் கேட்ட கேள்வி" என்று ஒரு வரியும் "கிடைத்த பதில்" என்று ஒரு வரியும் எழுதுங்கள். பாதிப் பேருக்கு இங்கேயே பேனா நின்றுவிடும். அவர்கள் கையில் இருப்பது தலைப்பு, கேள்வி இல்லை. "நீலகிரியில் மழைப்பொழிவு" என்பது தலைப்பு. "ஜூலை மாதத்தில் கூடலூரில் எங்கள் வீட்டில் பெய்த மழைக்கும், குன்னூரில் என் தோழி வீட்டில் பெய்த மழைக்கும் எவ்வளவு வித்தியாசம்?" என்பது கேள்வி. இதற்கு விடை தேட இரண்டு பேர் போதும். தென்மேற்குப் பருவமழை மேற்குச் சரிவில் இருக்கும் கூடலூர், பந்தலூர் பக்கம் கொட்டித் தீர்க்கிறது, கிழக்கே இருக்கும் குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் அக்டோபர் தொடங்கி வரும் வடகிழக்குப் பருவமழைதான் பெரிது என்று புத்தகத்தில் படித்திருப்பீர்கள். ஒரே வகுப்பில் இரண்டு தாலுகாப் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும்போது அதை நேரில் அளந்து பார்க்கும் வசதி வேறு எத்தனை மாவட்டத்தில் இருக்கிறது, சொல்லுங்கள்.

இதே மாதிரி "ஊருக்குள் வரும் காட்டெருமை" என்பதை "எங்கள் ஊரில் காட்டெருமை எந்த நேரத்தில் அதிகம் கண்ணில் படுகிறது, தேயிலைத் தோட்டத்திலா சாலையோரத்திலா?" என்று ஆக்கலாம். "சிறு தேயிலை விவசாயிகளின் பிரச்சினைகள்" என்று நீட்டி முழக்குவதைவிட, "எங்கள் ஹட்டியில் (படுகர் ஊரில்) பச்சைத் தேயிலையை நேராகத் தொழிற்சாலைக்குக் கொடுப்பவர்கள் எத்தனை வீடு, ஏஜென்ட்டிடம் கொடுப்பவர்கள் எத்தனை வீடு, ஏன்?" என்று கேட்டால் வகுப்பில் தூங்குகிறவனும் நிமிர்ந்து உட்காருவான், ஏனென்றால் அவன் வீட்டிலும் தேயிலை பறிக்கிறார்கள்.

இரண்டு வரியும் எழுதி முடித்த பிறகு, பதில் வரியைப் பேச்சின் முதல் நிமிடத்துக்குள் கொண்டுவந்துவிடுங்கள். கடைசி ஸ்லைடு வரை அதை மறைத்து வைக்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது, அது வேண்டாம். பதில் முதலில் தெரிந்துவிட்டால், "எப்படித் தெரியும்?" என்ற ஆர்வத்தோடு மீதி நாலு நிமிடத்தையும் கேட்பார்கள். நேரம் தீர்ந்துபோய் பாதியில் நிறுத்தச் சொன்னாலும் முக்கியமானது சொல்லியாகிவிட்டது.

மாவட்ட வரலாற்றை எடுத்துவிடுங்கள்

தொட்டபெட்டா 2637 மீட்டர், நீலகிரி உயிர்க்கோளக் காப்பகம் 1986-இல் அறிவிக்கப்பட்டது, நாட்டிலேயே முதலாவது, பரப்பு 5520 சதுர கிலோமீட்டர், மூன்று மாநிலங்களில் விரிந்திருக்கிறது. எல்லாம் சரியான தகவல்தான். ஆனால் இதை இரண்டு ஸ்லைடில் போட்டு ஒன்றரை நிமிடம் படித்தால், உங்கள் நேரத்தில் மூன்றில் ஒரு பங்கு போச்சு. எதிரில் உட்கார்ந்திருப்பவர்கள் தொட்டபெட்டாவைப் பார்த்துக்கொண்டே பஸ் ஏறி வந்தவர்கள்.

ஒரு தகவல் உங்கள் பதிலைத் தாங்கி நிற்கிறதா என்று பாருங்கள், நின்றால் வையுங்கள். ஊட்டி பக்கம் முத்தோரையில் இருக்கும் ரேடியோ தொலைநோக்கியைப் பற்றி ப்ராஜெக்ட் செய்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 1970-இல் இயங்கத் தொடங்கியது, 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். இந்த எண்களை மட்டும் அடுக்கினால் அது பொது அறிவுக் குறிப்பாக நின்றுவிடும். அதே இடத்தில், "அதை ஏன் ஊட்டியில், அதுவும் ஒரு மலைச் சரிவில் கட்டினார்கள்?" என்று தொடங்குங்கள். அந்தச் சரிவின் சாய்வு சுமார் 11 டிகிரி, அந்த இடத்தின் அட்சரேகையும் சுமார் 11 டிகிரி. அதனால் வடக்கு தெற்காகச் சரிவோடு படுத்திருக்கும் அந்த நீளமான அச்சு பூமியின் சுழல் அச்சுக்கு இணையாக அமைந்துவிடுகிறது. ஒரே அச்சில் திருப்பிக்கொண்டே போனால் வானத்தில் ஒரு பொருளை மணிக்கணக்கில் பின்தொடரலாம். அதைக் கட்டிய வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப்பும் அவருடைய குழுவினரும் அந்த இடத்தைத் தேடிக் கண்டுபிடித்த காரணம் இதுதான். இங்கே மலையின் சாய்வு வெறும் அறிமுகத் தகவல் இல்லை, அதுதான் விடை. அதற்கு ஒன்றரை நிமிடம் கொடுத்தாலும் தகும்.

எப்படிச் செய்தீர்கள் என்பதற்கு ஒரு நிமிடம்

எங்கே, எப்போது, எத்தனை, எதைக் கொண்டு. இந்த நான்கையும் சொன்னால் போதும், "வினாத்தாள் முறை பின்பற்றப்பட்டது, தரவுகள் சேகரிக்கப்பட்டன, பகுப்பாய்வு செய்யப்பட்டன" என்ற வாக்கியங்களால் யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. மழை உதாரணத்துக்கே வருகிறேன். "பக்கம் நேராக இருக்கும் பிளாஸ்டிக் டப்பா, மரமோ கூரையோ மறைக்காத இடத்தில் வைத்தோம், தினமும் காலை எட்டரை மணிக்கு ஸ்கேலில் மில்லிமீட்டர் பார்த்தோம். வானிலை ஆய்வு மையமும் காலை எட்டரை முதல் மறுநாள் எட்டரை வரைதான் ஒரு நாள் மழையாகக் கணக்கு வைக்கிறது, அதனால் அவர்கள் எண்ணோடு ஒப்பிட முடிந்தது." முப்பது நொடியில் சொல்லிவிடலாம். ஏன் எட்டரை என்று காரணம் சொன்னீர்களே, அந்த ஒரு வாக்கியத்தில்தான் நீங்கள் யோசித்து வேலை செய்தவர் என்பது ஆசிரியருக்குப் புரியும். டப்பாவில் ஒரு மில்லிமீட்டர் என்றால் ஒரு சதுர மீட்டர் நிலத்தில் ஒரு லிட்டர் தண்ணீர் விழுந்தது என்று அர்த்தம், அதையும் சேர்த்துச் சொன்னால் கேட்பவர்களுக்கு அளவு கண்ணுக்குத் தெரியும்.

கண்டது என்ன: இங்கே நிதானமாக இருங்கள்

உங்கள் நேரத்தில் பாதியை இதற்குத்தான் கொடுக்க வேண்டும். ஒரு படம், ஒரு அட்டவணை, அல்லது ஒரு வரைபடம். மூன்றையும் சேர்த்துப் போட வேண்டாம். வரைபடத்தைத் திரையில் போட்டதும் உடனே முடிவைச் சொல்லிவிடாமல், "கீழே இருப்பது தேதி, பக்கத்தில் இருப்பது மழை மில்லிமீட்டரில், நீலம் கூடலூர், மஞ்சள் குன்னூர்" என்று படிக்கக் கற்றுக்கொடுங்கள். நீங்கள் அந்தப் படத்தோடு வாரக்கணக்கில் இருந்திருக்கிறீர்கள், அவர்கள் இப்போதுதான் பார்க்கிறார்கள். சிவப்பையும் பச்சையையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்காதீர்கள், சிலருக்கு அந்த இரண்டும் பிரித்துத் தெரியாது.

சராசரி விஷயத்தில் கவனமாக இருக்க வேண்டும். நம் மலையில் மழை ஒழுங்காகப் பிரிந்து பெய்வதில்லை. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 900 மில்லிமீட்டருக்கு மேல் பதிவானது நினைவிருக்கும். அப்படி ஒரு நாளை வைத்துக்கொண்டு மாத சராசரி போட்டால், தினமும் பலத்த மழை பெய்ததுபோலத் தெரியும், உண்மை அப்படி இல்லை. அந்த மாதிரி இடங்களில் தினசரி அளவைத் தனித்தனிக் கட்டையாகக் காட்டுங்கள், அந்த ஒரு நாள் தானாகவே எழுந்து நிற்கும். காட்டெருமை எண்ணிக்கைக்கும் தேயிலை விலைக்கும் இது பொருந்தும்.

எண்களை வாயால் சொல்லும்போது முழுமையாக்கிச் சொல்லுங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு மலை ரயில் பாதை 45.88 கிலோமீட்டர் என்று ஸ்லைடில் இருக்கட்டும், வாயில் "சுமார் 46 கிலோமீட்டர்" என்று வரட்டும். நிலக் கணக்கு வந்தால் இந்த ஊரில் ஹெக்டேரில் யாரும் பேசுவதில்லை, ஏக்கரும் சென்ட்டும்தான். ஒரு ஹெக்டேர் ஏறக்குறைய இரண்டரை ஏக்கர், துல்லியமாக வேண்டுமென்றால் 247 சென்ட். மாற்றிச் சொல்லுங்கள். மரம் செடிப் பெயர்களும் அப்படியே, இங்கே எல்லோருக்கும் கற்பூர மரம் என்றால் தெரியும், யூகலிப்டஸ் என்று ஒரு முறை சேர்த்துச் சொன்னால் குழப்பமில்லை.

உங்கள் ஆய்வு சொல்லாததை நீங்களே சொல்லுங்கள்

எனக்கு மிக முக்கியமாகப் படுவது இந்தப் பகுதி, பெரும்பாலும் விட்டுப்போவதும் இதுதான். ஒரு ஹட்டியில் பதினைந்து வீட்டில் கேட்டுவிட்டு "நீலகிரி விவசாயிகள் கருதுகிறார்கள்" என்று முடிக்கக் கூடாது. அந்தப் பதினைந்து வீட்டார் கருதுகிறார்கள், அவ்வளவுதான், அதுவே மதிப்புள்ள விஷயம்தான். ஒரு ஜூலையை அளந்துவிட்டுக் கடைசி ஸ்லைடில் "இதற்குக் காலநிலை மாற்றமே காரணம்" என்று எழுதுவது இன்னும் மோசம். காலநிலையைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் வழக்கமாக 30 வருடக் கணக்கைப் பார்ப்பார்கள், உங்களிடம் இருப்பது 31 நாள். "எங்கள் அளவு ஒரு மாதத்துக்கு மட்டும், இரண்டு வீட்டுக்கு மட்டும், கூடலூரில் நாலு நாள் காற்றில் டப்பா சாய்ந்துவிட்டது, அந்த நாட்களைச் சேர்க்கவில்லை" என்று சொல்லிவிடுங்கள். மதிப்பெண் குறையும் என்று பயப்பட வேண்டாம். குறையைத் தானே சொல்கிற மாணவரின் மற்ற எண்களை ஆசிரியர் நம்புவார். மறைத்து, அது கேள்வி நேரத்தில் வெளியே வந்தால் எல்லா எண்ணின் மேலும் சந்தேகம் விழும்.

மனிதர்களிடம் கேட்டுச் செய்த ஆய்வாக இருந்தால் ஒரு பொறுப்பு கூடுதலாக இருக்கிறது. தோடர் மந்திலோ, கோத்தர் ஊரிலோ, இருளர், குறும்பர், பணியர், காட்டுநாயக்கர் குடியிருப்பிலோ, ஹட்டியிலோ, எஸ்டேட் லைன் வீட்டிலோ ஒரு பாட்டி உங்களை உட்காரவைத்து டீ கொடுத்துப் பேசியிருப்பார். பேசச் சம்மதித்தார் என்பதால், தன் முகம் வகுப்புத் திரையில் ஆறடி அகலத்துக்கு வரவும் சம்மதித்தார் என்று ஆகாது. படத்தைக் காட்டலாமா, பெயரைச் சொல்லலாமா என்று தனியாகக் கேளுங்கள். கேட்க மறந்திருந்தால் படத்தை எடுத்துவிடுங்கள். யாருக்கு எவ்வளவு கடன், எந்த வீட்டில் யார் குடிக்கிறார்கள் என்பதெல்லாம் சர்வேயில் தெரிந்திருக்கும், வகுப்பில் அந்த ஊர்ப் பிள்ளை ஒருவர் உட்கார்ந்திருக்கலாம், வீட்டை அடையாளம் காட்டும் எந்த வார்த்தையும் வரக் கூடாது. சோலைக்குள் அபூர்வமான ஆர்க்கிட் பார்த்தீர்கள், மலைத்தேன் கூடு இருக்கும் பாறை தெரியும் என்றால் அந்த இடத்தின் வரைபடத்தைப் போடாமல் "குந்தா தாலுகாவில் ஒரு சோலை" என்று பொதுவாகச் சொல்லுங்கள்.

இப்போது ஸ்லைடு

நான்கு அல்லது ஐந்து போதும். கேள்வி, செய்த விதம், கண்டது, விடுபட்டது. "நன்றி" என்று பூப்படம் போட்ட ஸ்லைடு தேவையில்லை. கேள்வி நேரம் முழுக்கத் திரையில் நிற்கப்போவது கடைசி ஸ்லைடுதான், அதில் உங்கள் வரைபடமே இருந்தால் பதில் சொல்ல வசதி. பத்தி பத்தியாக எழுதி அதைப் பார்த்துப் படிப்பதை ஆசிரியர்கள் எத்தனை தடவை சொன்னாலும் நிறுத்துவதில்லை, காரணம் பயம்தான். பார்த்துப் பேச வேண்டுமென்றால் கையில் ஒரு சின்ன அட்டையில் நாலு வார்த்தை எழுதிக்கொள்ளுங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

தமிழில் ஸ்லைடு போடுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. டிடிபி சென்டரில் பாமினி, வானவில் மாதிரிப் பழைய எழுத்துருவில் அடித்து வாங்கினால், கல்லூரிக் கம்ப்யூட்டரில் அந்த எழுத்துரு இல்லாதபோது திரையில் ஆங்கில எழுத்தும் குறியீடுமாகக் கொட்டிக் கிடக்கும். யூனிகோடில் அடியுங்கள், விண்டோஸில் நிர்மலா எழுத்துரு இருக்கும், போனில் அடித்தாலே யூனிகோடுதான். அப்புறம், பிபிடியோடு சேர்த்து அதையே பிடிஎஃப் ஆகவும் எடுத்துக்கொள்ளுங்கள், எழுத்து இடம் மாறாது. பென்டிரைவில் ஒன்று, மெயிலில் ஒன்று. எழுத்தின் அளவு பெரிதாக இருக்கட்டும், கடைசி பெஞ்சில் நின்று நீங்களே படித்துப் பாருங்கள்.

பருவமழை மாதங்களில் நம் ஊரில் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. எந்தப் பகுதியிலாவது மரம் விழுந்தால் போதும். அதனால் அந்த ஒரு முக்கியமான வரைபடத்தை மட்டும் சார்ட் அட்டையில் தடித்த ஸ்கெட்ச் பேனாவால் வரைந்து சுருட்டி எடுத்துப் போங்கள். மூடுபனி இறங்கிய மதியத்தில் வகுப்பறை இருட்டாகிவிடும், அட்டையை ஜன்னல் பக்கம் பிடித்துக்கொண்டு பேசலாம். கரண்ட் போகாவிட்டாலும் அட்டை வீணாகாது, கேள்வி நேரத்தில் கை நீட்டிக் காட்ட உதவும்.

சொல்லிப் பார்ப்பது

மனதுக்குள் ஓட்டிப் பார்ப்பது கணக்கில் சேராது. எழுந்து நின்று, சத்தமாக, போனில் நேரம் வைத்துச் சொல்லுங்கள். முதல் தடவை எப்படியும் நேரம் தாண்டும், வெட்டுங்கள். வேகமாகப் பேசி ஈடுகட்டாதீர்கள். நாலரை நிமிடத்தில் முடிகிற மாதிரி வைத்தால் அன்றைக்குப் பதற்றத்தில் தடுமாறினாலும் ஐந்துக்குள் வந்துவிடும்.

ஒரு தடவையாவது வீட்டு மொழியில் சொல்லிப் பாருங்கள். நம் வகுப்புகளில் வீட்டில் படுகு பேசுகிறவர்கள், மலையாளம், கன்னடம் பேசுகிறவர்கள், பழங்குடி மொழி பேசுகிறவர்கள் எல்லோரும் இருக்கிறார்கள். பிரசன்டேஷன் தமிழிலோ ஆங்கிலத்திலோ இருந்தாலும், அதே விஷயத்தை அம்மாவுக்கோ தாத்தாவுக்கோ வீட்டு மொழியில் விளக்கும்போது எந்த இடத்தில் திணறுகிறீர்களோ அந்த இடம் உங்களுக்கே சரியாகப் புரியவில்லை என்று அர்த்தம். திரும்பப் போய் அந்தப் பகுதியைப் படித்துவிட்டு வாருங்கள். தாத்தா கேட்கும் கேள்வி பெரும்பாலும் வகுப்பிலும் வரும்.

முழுவதையும் மனப்பாடம் செய்ய வேண்டாம், ஒரு சொல் விட்டால் மொத்தமும் நின்றுவிடும். முதல் இரண்டு வாக்கியத்தையும் கடைசி வாக்கியத்தையும் மட்டும் வரிக்கு வரி தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். குழுவாகச் செய்திருந்தால் ஐந்து நிமிடத்தில் ஐந்து பேரும் பேச வேண்டும் என்று அடம்பிடிக்காதீர்கள், மைக் கை மாறுவதிலேயே நேரம் போகும். இரண்டு பேர் பேசட்டும், மற்றவர்கள் கேள்விக்குப் பதில் சொல்லட்டும், யார் எந்த வேலையைச் செய்தார்கள் என்று ஒரு வரியில் சொல்லிவிட்டால் நியாயமாக இருக்கும்.

அன்றைய நாளும் கேள்வி நேரமும்

வகுப்பு தொடங்கும் முன்பே போய் பென்டிரைவ் திறக்கிறதா, கேபிள் பொருந்துகிறதா என்று பார்த்துவிடுங்கள். காலைக் குளிரில் குரல் கட்டும், ஃபிளாஸ்கில் வெந்நீர் எடுத்துப் போங்கள். திரையைப் பார்த்துப் பேசாமல் கடைசி பெஞ்சைப் பார்த்துப் பேசினால் குரல் தானாகவே உயரும்.

கேள்வி வந்ததும் அதை ஒரு தடவை நீங்களே திரும்பச் சொல்லுங்கள். பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்கும், உங்களுக்கும் யோசிக்க நேரம் கிடைக்கும். வரக்கூடிய கேள்விகள் பெரும்பாலும் இவைதான்: ஏன் இந்த இடம், ஏன் இத்தனை பேர் மட்டும், வேறு காரணம் இருக்க முடியாதா, இதை மறுபடி செய்தால் எதை மாற்றுவீர்கள். நான்குக்கும் முன்கூட்டியே இரண்டிரண்டு வரி யோசித்து வையுங்கள். தெரியாத கேள்வி வந்தால் "அதை நாங்கள் பார்க்கவில்லை சார்" அல்லது "பார்க்கவில்லை மேடம்" என்று சொல்லி நிறுத்துங்கள், அந்த இடத்தில் கற்பனையாக ஒரு காரணம் சொல்லத் தொடங்கினால் அடுத்த கேள்வி அதன் மேலேயே வரும். "அதைப் பார்க்க வேண்டுமென்றால் அக்டோபர், நவம்பரிலும் அளக்க வேண்டும்" என்று வழி தெரிந்தால் சேர்த்துச் சொல்லலாம். குழுவில் ஒருவர் கேள்விகளை எல்லாம் எழுதிக்கொண்டே இருக்கட்டும், ரிப்போர்ட்டைத் திருத்தும்போது அந்தத் தாள் கைகொடுக்கும்.

ஒரு வேலை பாக்கி இருக்கிறது. அந்தப் பதினைந்து வீட்டாரும் தங்கள் மதிய நேரத்தைக் கொடுத்துப் பேசியவர்கள். அந்த சார்ட் அட்டையை எடுத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த ஹட்டிக்குப் போய், என்ன கண்டுபிடித்தீர்கள் என்று அவர்களுக்கும் சொல்லிவிட்டு வாருங்கள். எந்த வீடு என்று தெரியாதபடி மொத்த எண்களை மட்டும் சொல்லுங்கள். தவறாகப் புரிந்துகொண்டது ஏதாவது இருந்தால் அங்கேயே திருத்திவிடுவார்கள், ரிப்போர்ட்டின் இறுதிப் பிரதியைக் கொடுப்பதற்கு முன் போனால் அதையும் சேர்த்துக்கொள்ளலாம்.